மீன் விடும் முன் தொட்டியைப் பக்குவப்படுத்துவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

புதிதாக நன்னீர் மீன் தொட்டி வைத்தவர்களிடமிருந்து வந்த கேள்விகளே இம்முறை மிகுதியாக இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளில் வந்த பல கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: என் மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டடி நீளத் தொட்டி வாங்கி, அன்று மாலையே எட்டுத் தங்க மீன்களை விட்டோம். நான்காம் நாள் இரண்டு மீன்கள் இறந்தன. தண்ணீர் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். கற்களையும் ஃபில்டரையும் குழாயடியில் நன்றாகக் கழுவி மீண்டும் வைத்தோம். அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக இறந்து இப்போது மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. தண்ணீரில் அழுக்கே இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கே தவறினோம்?
– வாசகி, மதுரை

பதில்: தண்ணீர் தெளிவாக இருப்பதால் அது மீனுக்கு நல்லது என்று ஆகிவிடாது. உங்கள் மீன்களைக் கொன்றது பெரும்பாலும் அம்மோனியாதான்; அதற்கு நிறமில்லை, தொட்டியில் சேரும் அளவில் மணமும் தெரியாது. மீன் தின்னும் தீனியில் உள்ள புரதம் செரித்த பின் மிஞ்சும் நைட்ரஜனின் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே இரவு பகலாக வெளியேறிக்கொண்டே இருக்கும். தின்னாமல் கற்களுக்கிடையே தங்கிய தீனியும் கழிவும் அழுகும்போது அது மேலும் கூடும். ஏரியில் இது பெரிய நீர்ப்பரப்பில் கரைந்துபோகும், செடிகளும் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் அதை எடுத்துக்கொள்ளும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் கற்கள் போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். அதில் எட்டுத் தங்க மீன்கள் வெளியிடும் அம்மோனியா சில நாள்களிலேயே செவுளைப் புண்ணாக்கும் அளவை எட்டிவிடும்.

பழகிய தொட்டியில் இந்த அம்மோனியாவை இரண்டு வகை நுண்ணுயிர்கள் மாற்றியமைக்கின்றன. முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சுதான். இரண்டாம் வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும், வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும், கற்களின் மேலும், கண்ணாடியிலும் மெல்லிய வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்பவை. கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில் இவை இல்லை என்றே சொல்லலாம். நான்கு நாள்களில் சிறிதளவு உருவாகியிருந்தாலும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கற்களையும் ஃபில்டரையும் கழுவியபோது அதுவும் போய்விட்டது. நீங்கள் அக்கறையோடு செய்த சுத்தமே மீன்களை மறுபடியும் முதல் நாளுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இந்த ஆலோசனை பல ஊர்களிலும் சொல்லப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புதுத் தொட்டியில் இறக்கும் மீன்களில் பெரும்பங்கு இப்படித்தான் இறக்கிறது.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்: கடும் நஞ்சான அம்மோனியா, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) வெப்பமும் தீர்மானிக்கின்றன. நம் ஊர்த் தொட்டிகளில் இயல்பாக இருக்கும் 28 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் நஞ்சு வடிவம் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 6 விழுக்காட்டைத் தாண்டும், 8.5 ஆனால் 18 விழுக்காட்டை எட்டும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் பி.எச். 8-க்கு மேல் இருப்பது புதிதல்ல. அதனால்தான் ஒரே எண்ணிக்கையில் மீன் விட்ட இரண்டு வீடுகளில் ஒரு வீட்டு மீன் பிழைக்கிறது, மற்றொரு வீட்டு மீன் இறந்துவிடுகிறது.

மிஞ்சிய மூன்று மீன்களைக் காப்பாற்ற இன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால், கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைக் குப்பியில் சொல்லியுள்ள அளவில் கலந்த பிறகே ஊற்றுங்கள். இரண்டு நாள் தீனி போடாதீர்கள்; வளர்ந்த மீனுக்கு அதனால் கேடு இல்லை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். தினமும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, இரண்டில் எது லிட்டருக்கு அரை மில்லிகிராமை நெருங்கினாலும் கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டரைத் தொட வேண்டாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, செவுள் சிவந்து வீங்கினாலோ, துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தாலோ, சோதனைக்குக் காத்திராமல் தண்ணீரை மாற்றிவிடுங்கள். இப்படி ஐந்தாறு வாரங்கள் நீங்கள் பொறுமையாக இருக்க வேண்டியிருக்கும். அதற்கப்பாலும் மீன் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். தங்க மீன் ஒரு சாணுக்கும் மேல் வளரக்கூடியது; இரண்டடித் தொட்டி அதற்கு நெடுங்காலம் போதாது.

கேள்வி: மீனே இல்லாமல் தொட்டியைச் சைக்கிள் செய்யலாம், அதாவது நுண்ணுயிர்களை வளர்த்துப் பக்குவப்படுத்தலாம் என்கிறார்களே, அது எப்படி? நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரத்தைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செய்யலாம், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். எந்த உயிரையும் நஞ்சில் நிறுத்தாமல், மீன் தரவேண்டிய அம்மோனியாவை நாமே அளந்து ஊற்றி நுண்ணுயிர்களை வளர்த்துக்கொள்வதுதான் இதன் அடிப்படை. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரத்தில் வேறு உப்புகளும் உலோகக் கசடும் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய அம்மோனியம் குளோரைடு சிறு புட்டியில் கிடைக்கும். அதையே வாங்குங்கள்.

தொட்டியில் மணல், கல், ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாவற்றையும் மீன் இருந்தால் எப்படி ஓடுமோ அப்படியே ஓடவிடுங்கள். 6 கிராம் அம்மோனியம் குளோரைடை 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். இந்தக் கரைசலில் 10 மில்லி 100 லிட்டர் தண்ணீருக்கு ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஆகும். உங்கள் தொட்டி 50 லிட்டரானால் 5 மில்லி போதும், அதை ஊசி இல்லாத சிரிஞ்சில் எளிதாக அளக்கலாம். சீக்கிரம் முடியட்டும் என்று கூட்டி ஊற்றாதீர்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போனால், நாம் வளர்க்க விரும்பும் நுண்ணுயிர்களே மந்தமாகிவிடும்.

முதல் ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம், எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். சோதனைக் குழாயில் அம்மோனியா அதே பச்சை நிறத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலோர் மனம் தளர்ந்து மீன் வாங்கி வருவது இந்த நாள்களில்தான். சாதம் கெடுக்கும் பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும்; இவையோ இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாள் வரை எடுத்துக்கொள்ளும், ஆகவே தொடக்கம் மெதுவாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் நைட்ரைட் சோதனையில் வெளிர் ஊதா தெரியும். அடுத்த சில நாள்களில் அம்மோனியா வேகமாக இறங்கும், நைட்ரைட் ஏறும். 1 மில்லிகிராம் அம்மோனியா ஏறக்குறைய இரண்டரை மில்லிகிராம் நைட்ரைட்டாக மாறுவதால், நைட்ரைட் சோதனை அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டிப் போவதுண்டு. அப்போது பாதித் தண்ணீரை மாற்றுவதில் தவறில்லை. நுண்ணுயிர்கள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் இருப்பதால் தண்ணீரோடு போய்விடாது. அம்மோனியா ஒன்றுமில்லை என்று ஆகும்போதெல்லாம் முன்பு ஊற்றியதில் பாதி அளவு மறுபடி ஊற்றி வாருங்கள், இல்லையேல் அவை பட்டினி கிடக்கும்.

நைட்ரைட் இறங்கும் கட்டம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. எப்போது முடிந்தது என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும்: லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும் அளவு ஊற்றி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி தயார். நைட்ரேட் சோதனையில் இரண்டாம் குப்பியை நன்றாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்; அதில் கவனமாக இருங்கள். நம் வெப்பநிலையில் இதற்கெல்லாம் சேர்த்து நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் ஹீட்டர் வைத்து 26 முதல் 28 டிகிரியில் வைத்தால் அதே காலத்தில் முடிக்கலாம், இல்லாவிட்டால் இன்னும் நீளும். முடிந்தவுடன் முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, ஓரிரு நாளில் மீன்களை விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வாங்கலாம் என்று எண்ணினால், அதுவரை அம்மோனியாவைச் சிறு அளவில் ஊற்றி வர வேண்டும்.

சோதனைக் கருவி விலை அதிகம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனாலும் தொட்டியின் விளக்கையும் பொம்மைகளையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அம்மோனியா, நைட்ரைட் சோதனைகளை முதலில் வாங்குங்கள். நனைத்துப் பார்க்கும் தாள்களைவிடச் சொட்டு மருந்துச் சோதனையே நம்பத்தக்கது.

கேள்வி: எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் உப்பாக இருப்பதால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையே தொட்டியில் நிரப்பினேன். மீன் விடாமல் அம்மோனியா ஊற்றித்தான் வருகிறேன். அம்மோனியா முதலில் இறங்கத் தொடங்கி, பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஆறு வாரமாகியும் மாற்றமில்லை. பி.எச். சோதனை 6 காட்டுகிறது.
– வாசகர், சென்னை

பதில்: விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில், அதாவது நுண்சவ்வு வழியே அழுத்தி வடிகட்டியது; அப்போது கார்பனேட் உப்புகள் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும். அம்மோனியாவை நுண்ணுயிர்கள் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தணிப்பது கார்பனேட்தான். அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் ஒவ்வொரு மில்லிகிராமும் மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. உங்கள் தண்ணீரில் இருந்த சிறு கையிருப்பு முதல் சில நாள்களிலேயே தீர்ந்து, பி.எச். சரிந்து, 6-க்கு அருகில் வந்ததும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிட்டன. அவை இறந்துவிடவில்லை.

மீன் இல்லாததால் உங்களுக்குத் தீர்வு எளிது. 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். ஓரிரு நாளில் அம்மோனியா மீண்டும் இறங்குவதைக் காணலாம். அது நிரந்தரத் தீர்வு அல்ல. இனிமேல் கேன் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துங்கள், அல்லது நன்கு கழுவிய கிளிஞ்சல் துண்டுகளைச் சிறு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். உங்கள் உப்புத் தண்ணீரைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற மீன்கள் சுண்ணாம்பு உப்புகள் மிகுந்த கடின நீரையே விரும்பும். நியான் டெட்ராதான் வேண்டுமென்றால் கேன் தண்ணீரை நாட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொட்டியில் மீன் இருந்து, அம்மோனியாவும் மிகுந்து, பி.எச். குறைவாக இருந்தால், சமையல் சோடாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். தீங்கற்ற அம்மோனியமாக இருந்தது பி.எச். உயர்ந்ததும் நஞ்சாக மாறி, அதுவரை பிழைத்திருந்த மீன்களையும் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். முதலில் தண்ணீர் மாற்றங்களால் அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாகச் சோடாவைக் கலக்க வேண்டும்.

கேள்வி: பாக்டீரியா குப்பி வாங்கி ஊற்றினால் ஒரே நாளில் மீன் விடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒரே நாளில் விடலாம் என்ற உறுதியை நம்பி மீன் வாங்காதீர்கள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபேக்டர் என்ற பாக்டீரியா என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்பவை நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்பதை டிமத்தி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இவ்வகை நுண்ணுயிர்கள் வித்துகளாக மாறி உறங்கத் தெரியாதவை. வெயிலில் லாரியில் வந்து, கடை அலமாரியில் மாதக் கணக்கில் இருந்த குப்பியில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது ஐயத்துக்குரியது. பொடியாக விற்பவற்றுள் பலவற்றில் இருப்பது பேசில்லஸ் வகை. அது கசடைச் சிதைக்கும், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையைச் செய்யாது.

பாலுக்கு உறை ஊற்றுவது போல, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைப்பதே சிறந்த வழி. தண்ணீரில் மூழ்கியபடியே கொண்டுவந்து, ஓரிரு மணி நேரத்துக்குள் வைத்துவிட்டால், ஆறு வார வேலை இரண்டு வாரத்துக்குள் முடிவதுண்டு. வண்ண மீன் விற்பனைக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் மீன் வாங்குபவர்கள் தெரிந்த வளர்ப்பாளரிடம் கேட்டாலே தருவார்கள். ஆனால் ஸ்பாஞ்சோடு வெண்புள்ளி நோயும் வரக்கூடும் என்பதால், பல இடத்து மீன்கள் வந்து போகும் விற்பனைத் தொட்டியைவிட, பல மாதங்களாகப் புது மீன் சேர்க்காத ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து வாங்குவது நல்லது. ஸ்பாஞ்ச் கிடைத்தாலும் அந்த 24 மணி நேரச் சோதனையைச் செய்யாமல் மீன் விடாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல வெண்மையாகிவிட்டது. மாற்றிவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: மீன் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தானாகத் தெளியும். கரிமப் பொருளைத் தின்னும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் திடீரெனப் பெருகுவதால் வருவது இது. மீன் இருந்தால் தீனியைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். அவை ஆக்சிஜனை நிறைய எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: நைட்ரைட் இருக்கும்போது கல் உப்பு போடச் சொல்கிறார்கள். அதனால் என்ன பயன்? நீல மருந்தும் சேர்த்துப் போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உப்பு போடலாம், நீல மருந்து கூடாது. நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. தண்ணீரில் காற்றுக்குமிழ்கள் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறும். செவுளைப் பார்த்தால் சிவப்பாக இராமல் பழுப்பு நிறமாக இருக்கும். உப்பில் உள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. குளோரைடு மிகுதியாக இருந்தால் நைட்ரைட் நுழைவது குறைந்துவிடும். 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம், கல் உப்பு இதற்குப் போதும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு ஏற்ப மீண்டும் சேர்க்க வேண்டும். உப்பு நைட்ரைட்டை நீக்காது என்பதால் தண்ணீர் மாற்றத்தை நிறுத்தக் கூடாது.

நீல மருந்து எனப்படும் மெத்திலீன் புளூ, நாம் வளர்க்கும் நுண்ணுயிர்களையே ஒடுக்கிவிடும். மீனுக்குப் பூஞ்சை வந்தால் தனி வாளியில் வைத்து மருந்திடுங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்தடை அடிக்கடி வருகிறது. அதற்குள் நுண்ணுயிர்கள் இறந்துவிடுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: தொட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரானால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரிய கேடு வராது, சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து ஓரளவு ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டிருக்கும். வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் ஓட்டம் நின்றவுடன் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பல மணி நேரம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாமல் திறந்து, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி வைத்த பிறகு இயக்குங்கள். மின்தடை மிகுந்த ஊர்களுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பேட்டரி ஏர் பம்பும்தான் ஏற்றவை. மீன் நிறைய இருக்கும் தொட்டியானால், பம்ப் இல்லாத வேளையில் ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தாலும் உதவும்.

கேள்வி: ஃபைட்டர் மீன் காற்றையே சுவாசிக்கும் என்பதால் அதற்கு இந்தப் பக்குவமெல்லாம் தேவையில்லை என்பது சரியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சரியல்ல. ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் மேற்பரப்புக் காற்றை எடுத்துக்கொள்ளும் தனி உறுப்பு இருப்பதால், ஆக்சிஜன் குறைந்த நீரில் அவை மற்ற மீன்களைவிடத் தாக்குப்பிடிக்கும். அம்மோனியா அவற்றின் செவுளையும் தோலையும் அதே போலத்தான் புண்ணாக்கும். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் வைப்பதைத் தவிருங்கள். 15 அல்லது 20 லிட்டர் தொட்டியில் ஒரு சிறு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்து, மேலே சொன்னபடி பக்குவப்படுத்திவிட்டு விடுங்கள். ஹைட்ரில்லா அல்லது ஹார்ன்வர்ட் என்னும் நீர்ச்செடியை ஒரு கைப்பிடி போட்டால், அவை அம்மோனியத்தை நேரடியாக எடுத்துக்கொண்டு வளரும். மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டியின் ஓரத்தில் செருகி வைத்தால், அது நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். இலை தண்ணீருக்குள் போனால் அழுகிவிடும்.